ஏழு பேர் ஊற்றும் தண்ணீர்

குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. இந்த லட்சணத்தில் வந்தால் அண்டா நிறைவதற்குள் ராகுகாலமே வந்துவிடும், பத்தரைக்குள் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றியாக வேண்டுமே, என்ன செய்வது என்று ஆவுடைத்தாய் நினைத்தாள். நினைத்த கையோடு, நிறையாமலே போய்த் தொலைந்தால்தான் என்ன என்றும் நினைத்தாள். சீ, நல்ல காரியம் நடக்கிற வீட்டில் இது என்ன நினைப்பு. நல்ல காரியம்தானா? தங்கச்சி கோமதி வீட்டுப் புழக்கடையில், கொடியில் இரண்டு சேலையைத் தொங்கவிட்டு மறைப்புக் கட்டியாயிற்று. மறைப்புக்குள் பலகை போட்டு, கோமதியின் மகள் தர்ஷினியை உட்கார்த்தியாயிற்று. தண்ணீர் ஊற்ற ஏழு சுமங்கலிகள் தலை நிறையப் பூவோடு வந்தாயிற்று. அண்டா ஒன்றுதான் பாக்கி. விடிந்ததிலிருந்து ஆவுடை குழாயடியை விட்டு நகரவில்லை. யாரும் அவளை அங்கே நிற்கச் சொல்லவில்லை, நிற்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. புருஷன் தள்ளி வைத்தவள், வயிறு திறக்காதவள், சடங்கு வீட்டில் வேலைக்கு ஆவாள், சடங்குக்கு ஆக மாட்டாள். அது அவளுக்கே தெரியும், தெரிந்த ஆளுக்கு யார் வந்து சொல்லிக்கொண்டிருக்கப் போகிறார்கள். மஞ்சள் பொடியை எடுத்து அண்டாவில் போட்டுக் கையால் கலக்கினாள். தண்ணீர் குளுகுளுவென்று இருந்தது. கையை வெளியே எடுக்க மனம் வரவில்லை. நேற்றுச் சாயங்காலம் மட்டும் அந்த விளக்கைப் பார்க்காமல் இருந்திருந்தால், மற்ற பெரியம்மாக்களைப் போல ஒரு சேலையும் ஒரு தட்டுப் பழமும் வைத்துவிட்டுச் சாப்பிட்டுப் போயிருப்பாள். பார்த்துத் தொலைத்தாளே. பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது கோமதி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மூலையில் தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர், குறுக்கே உலக்கை, எல்லாம் முறைப்படி இருந்தது. பின்னி முடித்துச் சடையைத் தொங்கவிட்டவள், எழுந்து நேரே போய்ச் சாமி விளக்கை ஏற்றினாள். கையைக்கூட அலம்பவில்லை. கோமதி யார்? தீட்டு வீட்டுக்காரி வாசலை மிதித்துவிட்டாள் என்று மூன்று குடம் தண்ணீர் விட்டுக் கழுவுகிற மகராசி. தீட்டே இல்லை என்று தெரிந்த கைதான் அப்படி விளக்குக்குப் போகும். வேறு யார் கண்ணிலும் அது படவில்லை. படாது. அதைப் பார்க்கிற கண் ஒருத்திக்குத்தான் உண்டு, ஏனென்றால் இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அம்மாவின் கையும் அப்படித்தான் போயிற்று.

அம்மா போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது, செத்தவளைக் குறை சொன்னால் பாவம், ஆனாலும் என்ன துணிச்சல் அந்த மனுஷிக்கு. பதினேழு வயசாகியும் மூத்தவள் பெரிய மனுஷி ஆகவில்லை. தெருவில் அவளுக்கு இளையதுகளெல்லாம் சடங்காகி, தாவணி போட்டு, ஒன்றிரண்டு கல்யாணமே முடிந்து போயின. போகிற வாக்கில் பொம்பளைகள் கேட்பார்கள், என்ன, உன் மகளுக்கு இன்னும் ஒண்ணையும் காணோம் என்று. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஒரு வெள்ளிக்கிழமை அம்மா கதவைச் சாத்தினாள், அவளை மூலையில் உட்கார வைத்தாள். "ஏட்டி, யாரு கேட்டாலும் ஆமான்னு தலையாட்டு. சிரிக்காத. அழுதும் தொலைக்காத. வெக்கப்படு." அதற்கப்புறம் அம்மா தெருவுக்குப் போய் ஒரு குலவை போட்டாள் பாரு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள் அப்படித்தான் சத்தம் போட வேண்டும். ஆவுடை வெட்கப்பட்டாள். அதற்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை, தானாகவே வந்தது, பொய்க்கு வந்த வெட்கமா மெய்க்கு வந்த வெட்கமா என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. ஏழு பேர் தண்ணீர் ஊற்றினார்கள். பெரியப்பா மகன் சங்கரபாண்டியின் அம்மா முதல் குடம் ஊற்றினாள். ஒவ்வொரு குடமும் தலையில் விழும்போது ஆவுடை மனசுக்குள் வேண்டிக்கொண்டாள், இத்தனை பேர் சேர்ந்து சொல்லுகிறார்களே, உடம்பு ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளக் கூடாதா என்று. உடம்பு கேட்கவில்லை. இங்கே அண்டாவில் இன்னும் கால்வாசிதான் ஏறியிருந்தது. அவள் குழாயைத் தட்டிப் பார்த்தாள். பொய்யைச் சொல்வது ஒரு நாள் பாடு, அதைக் கட்டிக் காப்பது மாசா மாசம் பாடு. கல்யாணமாகிப் போகும்போது அம்மா ஒரு காலண்டரைக் கொடுத்தனுப்பினாள். இருபத்தெட்டு நாளைக்கு ஒரு தரம் பென்சிலில் சின்னப் புள்ளி. புள்ளி வந்தால் மூன்று நாள் பின்பக்கத் தாழ்வாரத்தில் ஒதுங்கி உட்கார வேண்டும், யாரையும் தொடக்கூடாது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் முனக வேண்டும். உட்கார்ந்தாள். முனகினாள். மாமியார் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போவாள். மனுஷ ஜென்மம் எதற்கும் பழகிவிடுகிறது, சில மாசம் அவளுக்கு மெய்யாகவே வயிறு வலித்தது.

நாலாவது வருஷம் அப்பா படுக்கையில் விழுந்தார். சங்கரன்கோவிலில் பிறந்த வீட்டுக்கும் புருஷன் வீட்டுக்குமாக அலைந்ததில் ஆவுடைக்குப் புள்ளி மறந்து போயிற்று. மறந்தது அவள்தான், மாமியார் மறக்கவில்லை. அந்த அம்மாள் விரலை மடக்கிப் பார்த்துவிட்டுச் செல்லத்துரையைக் கூப்பிட்டு, "ஏல, உன் பெண்டாட்டிக்கு நாள் தள்ளிப் போயிருக்கு" என்றாள். செல்லத்துரை ஆவுடையின் முகத்தைப் பார்த்தான். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன்னும் அவன் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. மறுநாள் அல்வாவும் மாதுளையும் வந்தன. குடம் தூக்காதே, குனியாதே, வெயிலில் போகாதே. மாமியார் அவளைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து எண்ணெய் தேய்த்து, தலையைத் தடவித் தடவிக் கொடுத்தாள். ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும், தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்து, அத்தை, வந்துட்டு என்று சொல்லியிருந்தால் போதும். நாலு வருஷமாகச் சொன்ன பொய்தானே, வாயில் நுழையாத பொய்யா? சொல்ல முடியவில்லை. அந்தக் கை தலையிலிருந்து போய்விடுமே என்று சொல்லவில்லை. பதினோரு நாள். பதினோரு நாள் அவள் பிள்ளைத்தாச்சியாக இருந்தாள், எட்டாம் நாள் காலையில் வாந்திகூட எடுத்தாள், இது சத்தியம். ஒருவேளை, ஒருவேளை என்று அந்தப் பைத்தியக்கார மனசு அடித்துக்கொண்டது. பன்னிரண்டாம் நாள் மாமியாரே கையைப் பிடித்து ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனாள். அங்கிருந்த டாக்டரம்மா வயிற்றில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "கர்ப்பப்பையையே காணோமேம்மா, எப்ப எடுத்தீங்க?" என்று கேட்டாள். மாமியார் பிடித்திருந்த கையை விட்டாள். அவ்வளவுதான். கத்தவில்லை, அடிக்கவில்லை, அந்தக் கையை விட்டாளே அதுதான். அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் ஆவுடை எத்தனையோ தரம் நினைத்து ஆற்றியிருக்கிறாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியது, செல்லத்துரை வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டது, எல்லாம் ஆறிப் போயிற்று. கை மட்டும் ஆறவில்லை. ஏன் இப்போது அது? தண்ணீரைப் பாரு. அரை அண்டா.

ஆஸ்பத்திரிக் காகிதம் அதற்குப் பிறகு வந்தது. அம்மா அவளை மதுரைக்குக் கூட்டிப்போய் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினாள், ரத்தம் எடுத்தார்கள், ஒரு மாசம் கழித்து வரச் சொன்னார்கள். அந்த டாக்டர் நல்ல மனுஷன், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "ரத்தத்துல உள்ள எழுத்து ஆணுக்கு உள்ளதும்மா. ஆனா உங்க உடம்பு அந்த எழுத்தைக் கேக்கவே இல்ல, அது பெண்ணாவே வளந்துருச்சு. நீங்களும் பெண்ணாவே வளந்துட்டீங்க. பெண்தான் நீங்க, அதுல சந்தேகமே வேண்டாம். பிள்ளை பிறக்காது, அவ்வளவுதான்." அவ்வளவுதானாம். அம்மா காகிதத்தை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகினாள். எழுந்திருக்கும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "இது தாய்வழியா வரக்கூடியது. கூடப் பிறந்த அக்கா தங்கச்சிக்குப் பொம்பளைப் பிள்ளை பிறந்தா, வயசு வர்ற நேரத்துல கொண்டுவந்து காட்டுங்க. மறைச்சு வைக்காதீங்க." அம்மா சட்டென்று, "அப்படி யாரும் இல்ல சார்" என்றாள். கோமதி அப்போது கல்யாணமாகி ஆறு மாசம். ஆவுடை பக்கத்தில்தான் நின்றாள், வாயைத் திறக்கவில்லை. கோமதி உண்டானபோது, ஆண் பிள்ளை பிறக்கட்டும் என்று ஆவுடைதான் கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டாள், ஏன் ஆண் பிள்ளைக்கு இந்தப் பாடு படுகிறாய் என்று கோமதிகூடச் சிரித்தாள். பிறந்தது பெண். துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எப்படிச் சொல்வது, பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு. அப்புறம் சொல்லலாம். நடக்கட்டும், பள்ளிக்கூடம் போகட்டும், பத்து வயசாகட்டும். எல்லாருக்குமா வரும்? வராமலும் போகுமே. அப்படி அப்படி என்று பதினேழு வருஷம். நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு, இன்னும் சேலை பற்றவில்லையே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தவள் அவள். இப்போது அந்தப் பிள்ளை மறைப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது.

ஆண் என்று காகிதம் சொல்லிவிட்டது. சரி, சொல்லிவிட்டுப் போகட்டும். அதே வருஷம் அப்பா செத்தபோது, ஐயோ, கொள்ளி வைக்க ஒரு ஆண் வாரிசு இல்லையே என்று ஊரே உச்சுக் கொட்டியது. வரப்புத் தகராறில் ஆறு வருஷமாக அப்பாவோடு முகம் பாராமல் இருந்த சங்கரபாண்டியைத் தேடிக் கூட்டிவந்தார்கள், அவன் குடம் உடைத்துக் கொள்ளி வைத்தான். காகிதத்தில் ஆண் என்று எழுதியிருந்த வாரிசு, தெருமுனையில் பொம்பளைகளோடு மாரில் அடித்துக்கொண்டு நின்றது. அன்றைக்கு அந்த அழுகைக்கு நடுவில் ஆவுடைக்கு ஒரு சிரிப்பு வந்தது, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். திருநெல்வேலியில் கல்லூரி விடுதியில் அவள் சமைக்கிறாள், அதே அடுப்பில் அதே சாம்பாரை வைக்கிற ஆறுமுகம் மாஸ்டர், அவள் ஆயா. பஸ்ஸில் கூட்டத்துக்குள் பின்னாலிருந்து ஒரு கை வருமே, அந்தக் கையைப் பிடித்து நிறுத்தி, கொஞ்சம் இரு, என் ரத்தத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று படித்துவிட்டு அப்புறம் தொடு என்று சொல்ல முடியுமா? பொம்பளைக்கு உள்ள பயம் அத்தனையும் அவளுக்கு உண்டு. பொம்பளைக்கு உள்ள ஏச்சு அத்தனையும் வாங்கியிருக்கிறாள். காலை மடக்கி உட்காரு, பல் தெரியச் சிரிக்காதே, நாலு பேர் வந்தால் உள்ளே போ. இதெல்லாம் ரத்தத்திலா இருந்தது? சொல்லிச் சொல்லி ஏற்றியது. இருந்தாலும் யாரும் சொல்லி ஏற்றாத ஒன்று உள்ளே உண்டு என்று அவளுக்குத் தோன்றும். குளித்து முடித்துக் கண்ணாடி முன் நின்று பொட்டு வைக்கும்போது, கண்ணாடிக்குள் நிற்கிறவள் ஒருத்திதான், ஒருத்தன் இல்லை. அதில் ஒரு நாளும் அவளுக்குச் சந்தேகம் வந்ததில்லை. அப்புறம் எதற்கு அந்தச் சடங்கு? பொம்பளையைப் பொம்பளை என்று சொல்லவா ஏழு குடம் தண்ணீர்? பிள்ளை பெறுகிற வயிறு தயார் என்று ஊருக்குத் தண்டோரா போடுகிறார்கள், அதற்குப் பொம்பளை என்று பேர் வைத்திருக்கிறார்கள். வயிறு தயாராகாதவளுக்கு என்ன பேர்? பேரே இல்லை. மலடி என்று சொல்லக்கூட ஒரு கர்ப்பப்பை வேண்டியிருக்கிறது.

"எக்கா, நிறைஞ்சிட்டா?" என்று கோமதி வந்து நின்றாள். பட்டுச் சேலை, கழுத்து நிறைய நகை, கண் மட்டும் தூங்காத கண். "நிறைஞ்சிரும்." "நீ ஒண்ணும் நினைச்சுக்கிடாதக்கா. சங்கரபாண்டி அண்ணன் வீட்டு மைனி ஆளுகளைக் கூட்டிட்டு வந்துட்டா, ஏழும் கணக்காப் போச்சு." நான் என்னத்தை நினைக்கப் போகிறேன் என்று சொல்லத்தான் ஆவுடை வாயெடுத்தாள், வேறு ஒன்று வந்துவிட்டது. "ஏட்டி கோமதி, பிள்ளைக்கு வரலதானே?" கோமதி சட்டென்று குழாயை மூடினாள். மூடிவிட்டு, எதற்கு மூடினோம் என்று தெரியாமல் மறுபடி திறந்தாள். "மெதுவாப் பேசு" என்றாள். அதுதான் பதில். "எப்படித் தெரியும்?" "நேத்து அவ தலையைத் தொட்ட கையோட விளக்கேத்துனியே." கோமதிக்குக் கோபம் வந்தது. "அம்மா உனக்குச் செஞ்சதைத்தான் நான் இவளுக்குச் செய்யுதேன். அப்ப எனக்குப் பன்னிரண்டு வயசு, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சியோ?" "எனக்குச் செஞ்சது நல்லாருந்துச்சா?" "ஒரு கல்யாணம் நடந்துச்சுல்லா? நாலு வருஷம் ஒருத்தன்கூட வாழ்ந்தேல்லா? அன்னைக்கு அம்மா பேசாம இருந்திருந்தா அதுவும் இல்ல. ஆம்பளையா பொம்பளையான்னு தெருவுல போறவன் கேப்பான்க்கா, என் மகளைப் பாத்துக் கேப்பான்." சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "கோவிச்சுக்கிடாத. உன் மடியிலயே போட்டு வளத்தோமே, உன் தோஷம்தான் பிள்ளைக்கு ஒட்டிக்கிடுச்சோன்னுகூட நினைச்சேன்" என்றாள். தோஷமாம். தோஷம் இல்லட்டி கூறுகெட்டவளே, அது அம்மா வழி, அம்மாவிடமிருந்து உனக்கு, உன்னிடமிருந்து அவளுக்கு, டாக்டர் சொன்னார், நான் இருந்து கேட்டேன், கேட்டுவிட்டு உன்னிடம் சொல்லவில்லை. அத்தனையையும் மனசுக்குள்ளேயே சொல்லிவிட்டு, அண்டாவில் கையை விட்டு மஞ்சளை மறுபடி கலக்கினாள். இன்றைக்கு இந்தப் பட்டுச் சேலையோடு நிற்கிறவளிடம், உன் வழியாகத்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது. இரக்கமா இது, பயமா? பதினேழு வருஷமாக இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

அப்போதுதான் மறைப்புக்குள்ளிருந்து தர்ஷினியின் குரல் வந்தது. "முதல்ல பெரியம்மா வரட்டும். இல்லேன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன்." சங்கரபாண்டி பெண்டாட்டி இசக்கியம்மாள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி, "இது என்ன கூத்தா இருக்கு, முறைன்னு ஒண்ணு இருக்கில்லா?" என்றாள். கூட்டத்தில் யாரோ ஒருத்தி சமாதானம் சொன்னாள், பிள்ளை ஆசைப்படுது, மைனி, மஞ்சளைப் பூசிவிட்டு வந்துரட்டும், தண்ணி ஊத்த வேண்டாம், அதுல ஒண்ணும் குறை வராது. கோமதி அக்காளைப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் மிரட்டலும் சேர்ந்து இருந்தது. ஆவுடை மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சேலையை விலக்கி உள்ளே போனாள். பிள்ளை பலகையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கழுத்து வரைக்கும் மாலை. கன்னத்தில் மஞ்சளைத் தொட்டு வைத்ததும் அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டது. "பெரியம்மா, எனக்கு ஒண்ணும் வரல. அம்மா எல்லார்கிட்டயும் பொய் சொல்லுதா." "தெரியும்ட்டி." "கிளாஸ்ல ஒருத்தி கேட்டா, நீ என்ன பையனான்னு. வராதவங்க பொம்பளை இல்லியா, பெரியம்மா? அப்ப நான் யாரு?" அந்தக் கேள்வியை ஆவுடை எத்தனை வருஷமாகத் தன்னையே கேட்டிருப்பாள், சோறு வடிக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போது. இன்னொரு வாயிலிருந்து அது வரும்போது கேட்கச் சகிக்கவில்லை. "எனக்கும் வந்ததில்ல" என்றாள். பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. "ஒரு நாளும் வந்ததில்லட்டி. எனக்கும் இப்படித்தான் ஏழு பேரு தண்ணி ஊத்துனாங்க, அதுவும் பொய்தான். என்னைப் பாரு, நான் பொம்பளை இல்லியா? நீயும் பொம்பளைதான். சில பேரு உடம்பு இப்படிப் பிறக்கும்னு ஒரு டாக்டர் எனக்குச் சொல்லியிருக்காரு. உனக்கும் அதேதானான்னு பாத்தாத்தான் தெரியும். திங்கக்கிழமை நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன். எதுக்கும் பயப்படாத." பிள்ளையின் முகம் கொஞ்சம் இளகியது. இளகிய முகம் அப்படியே நின்றது. "டாக்டர் எப்பச் சொன்னாரு?" அம்மாவாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு பொய் தயாராக இருந்திருக்கும். ஆவுடைக்கும் இருந்தது, நாக்கு நுனியில், போன மாசம்தான் என்று. "நீ பிறக்கதுக்கு முந்தியே" என்றாள். "எனக்கும் இப்படி இருக்கலாம்னு சொன்னாரா?" "சொன்னாரு." வெளியே இசக்கியம்மாள், "அங்க என்ன இவ்வளவு நேரம், ராகுகாலம் வந்துரும்" என்று சத்தம் கொடுத்தாள். பிள்ளை அழவில்லை. ஆவுடையின் உள்ளங்கையிலிருந்து தன் கையை மெல்ல உருவிக்கொண்டது. எந்தக் கை விட்டாலும் இப்படித்தான் விடும்போல, சத்தமில்லாமல். "அவங்களை வரச் சொல்லு, பெரியம்மா" என்றது. "நீ தள்ளிப் போ."

ஆவுடை சேலையை விலக்கி வெளியே வந்து, "வாங்க" என்றாள். ஏழு பேரும் அண்டாவில் குடத்தை முக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். கோமதி அவள் முகத்தைப் பார்க்காமல் மறைப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் குடம் விழுகிற சத்தம் கேட்டது, குலவை எழுந்தது, தெருவில் மைக்செட்காரன் பாட்டைக் கூட்டி வைத்தான். ஆவுடை குழாயடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். போய்விடலாம் என்று தோன்றியது. பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக நடந்தால் பத்தே நிமிஷத்தில் பஸ் ஸ்டாண்டு. இத்தனை வருஷமாகச் சொல்லாமல் இருந்தவள், சொன்ன பிறகு இங்கே யாருக்கு வேண்டும். இரண்டாவது குடம். மூன்றாவது குடம். மஞ்சள் தண்ணீர் மறைப்புக்கு அடியில் வழிந்து அவள் காலடிக்கு வந்தது, அதை மிதிக்காமல் ஓரமாக நகர்ந்தாள். அழுகை வந்தது, அதை அடக்குவதற்கு இந்தத் தரம் அவள் ஒன்றும் செய்யவில்லை. நாலாவது குடத்துக்கு முன்னால் குலவை ஒரு நொடி நின்றது. அந்த இடைவெளியில் உள்ளேயிருந்து, பல் கிட்டிப் போன, நடுங்குகிற குரல் கேட்டது.

"பெரியம்மா எங்க?"

"இங்கதான் நிக்கேன்" என்றாள் ஆவுடை.